நீர்வேலியைத் தின்ற மாடு

அந்தப் பலகையை நான் முதல் நாளே வெறுத்தேன். நாலாம் வகுப்பின் பின்சுவரில் ஆறடி நீளத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். காட்சிப் பலகை என்று பெயர். ஒழுக்கத்தைப் பற்றி நாலு பொன்மொழி, எப்போதோ நடந்து முடிந்த விளையாட்டுப் போட்டியின் அறிவித்தல், ஒரு மயிலின் படம். மயிலின் கழுத்தைக் கறையான் தின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் ‘தொடாதே’ என்று எழுதியிருந்தது.

பிள்ளைகள் சொல்லுக் கேட்டார்கள். தொடவில்லை. பார்க்கவும் இல்லை. இருபத்தெட்டுப் பேரும் வருடம் முழுக்க அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அது. நான் அங்கே தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் வேலை முழுதாக உண்டு, நியமனக் கடிதம் மட்டும் இல்லை. போர் நடந்து, கொழும்பிலிருந்து பொருள் எதையும் வரவிடாமல் தடுத்து வைத்திருந்த காலம். வெண்கட்டி ஒன்றை மூன்றாக முறித்து மூன்று வகுப்புக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகள் பழைய கொப்பியின் வரிகளுக்கு இடையில் புதுப் பாடத்தை எழுதினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஆறடிச் சுவரை ஒரு செத்த மயிலுக்குக் கொடுத்து வைத்திருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எனக்குக் கோபம் கெதியாக, சட்டென்று வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

ஒரு நாள் நான் வகுப்புக்குள் போனபோது ஒரு பெட்டைப் பிள்ளை தான் இருக்கிற வாங்கின்மேல் ஏறி நின்றாள். ஒன்பது வயது. முன்பல் ஒன்று இல்லை. வாய் மட்டும் ஊருக்கே காணும். அவளை நாங்கள் வாய்க்காரி என்றுதான் கூப்பிட்டோம், அவளும் அதை ஒரு பட்டம் போல வைத்துக்கொண்டாள்.

“ஆர் உன்னை ஏத்தினது?” என்று கேட்டேன்.

“அதிபர்.”

“ஏன்?”

“பலகையைத் தொட்டனான், ரீச்சர்.”

“ஏன் தொட்டனீ?”

“மயில் செத்துப் போச்சோ எண்டு பாத்தனான். செத்துப் போச்சு.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளை இறக்கிவிட்டு, நேரே போய் மயிலைப் பிடுங்கினேன். பிறகு பொன்மொழிகளைப் பிடுங்கினேன். கடைசியாகத் ‘தொடாதே’யைப் பிடுங்கினேன். அதற்குத்தான் கூடப் பலம் தேவைப்பட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் எட்டு ஆணி அடித்திருந்தார்கள்.

பிடுங்கிய பிறகுதான் யோசித்தேன், அந்த இடத்தில் இனி என்ன வைப்பது என்று.

பெற்றோல் வராத அந்த வருடம் எங்களிடம் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். டாக்குத்தரும் சைக்கிளில் போனார், கலியாண மாப்பிள்ளையும் சைக்கிளில் போனார். பிள்ளைகளின் பேச்சு முழுக்க ரயர், ரியூப், ஒட்டு. செல்வச்சந்நிதிக் கோயில் கொடியேற்றம் வேறு கிட்ட வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். என்னைப் பெற்ற ஐயாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து, பலகையின் அளவுக்கு வெட்டி, அதில் அழியாத மையால் ஒரு பாதை வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, சண்டிலிப்பாய், மானிப்பாய், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று வளைந்து வளைந்து போய், தொண்டைமானாற்றில் சந்நிதி முருகன் வாசலில் முடியும் பாதை. பாதை நெடுக, ஊர்களிலும் இடையில் வரும் சந்திகளிலுமாக, இருபத்தெட்டுச் சின்னப் பைகள் தைத்தேன். நாலு மூலையிலும் கயிறு வைத்துச் சட்டத்தில் கட்டினேன்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பை. அந்தப் பைக்கு அந்தப் பிள்ளைதான் சொந்தக்காரர். அந்தப் பை இருக்கிற ஊருக்குப் பொருத்தமாக ஒரு கணக்கை ஓலைத் துண்டில் எழுதிப் பைக்குள் போட வேண்டும். விடையைத் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு மட்டைச் சைக்கிளோடு அந்த வழியால் வருவார்கள். மட்டைச் சைக்கிளை நான் வெறும் சவுக்காரப் பெட்டியில் வெட்டினேன். சவுக்காரம் தீர்ந்து மாதக் கணக்காகியும் பெட்டியை அம்மா எறியாமல் வைத்திருந்தா, மணந்து பார்க்க. கணக்குச் சரி என்றால் சைக்கிள் அடுத்த பைக்குப் போகும். பிழை என்றால் ரியூப் வெடித்த மாதிரி. உரும்பிராயில் நான் ஒரு சைக்கிள் கடை வரைந்திருந்தேன். அதுவரைக்கும் போகாத சைக்கிள் பள்ளிக்கூடத்துக்கே திரும்ப வேண்டும். அதைத் தாண்டின சைக்கிள் கடைக்குத் திரும்பி வந்து ஒட்டுப் போட வேண்டும். முதலில் சந்நிதிக்குப் போய்ச் சேருகிறவர் அன்றைக்கு இடைவேளை மணி அடிக்கலாம்.

மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கின தண்டவாளத் துண்டு. அதை அடிக்க அந்தப் பிள்ளைகள் என்னவும் செய்யத் தயாராக இருந்தார்கள். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடமாக்கக் கூடத் தயார்.

முதல் கிழமையிலேயே பிள்ளைகளுக்கு விசர் பிடித்துவிட்டது. எட்டு மணிப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணிக்கு வந்து நின்றார்கள். காய்ச்சலோடு வந்தார்கள். ஒருத்தனைத் தாய் வந்து காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. “சோத்தைத் திண்டிட்டு வாறன், நான் மானிப்பாயிலை நிக்கிறன்” என்று கத்திக்கொண்டே போனான். பை வைத்திருக்கிற ஊர்க்காரர் எல்லாருக்கும் தங்கள் ஊரின் மேல் பெரிய பற்று வந்துவிட்டது. பண்டத்தரிப்பை விட்டு வெளியே போகாத பெட்டை ஒருத்தி, தான் கோப்பாய் ஆள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சந்தையில் கோப்பாய்க் கிழவர் ஒருவரைக் கண்டு, “நீங்களும் எங்கடை ஊரோ?” என்று கேட்டாளாம்.

பிழை விட்டால் ஒரு சத்தம். அது வாய்க்காரியின் கண்டுபிடிப்பு. காற்றுப் போகிற மாதிரி ‘உஸ்ஸ்ஸ்’ என்று இழுப்பாள். இரண்டாம் நாள் முழு வகுப்பும் இழுத்தது. இருபத்தெட்டு ரியூப்பில் ஒரே நேரம் காற்றுப் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதிபர் ஓடி வந்தார். கட்டையான மனிசன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கையில் எப்போதும் ஒரு பிரம்பு. அடிக்க மாட்டார், சுட்டிக்காட்டுவார்.

“பிள்ளை, உது வகுப்போ பாம்புப் பண்ணையோ?”

“காத்துப் போற சத்தம், சேர்.”

“ஆரின்ரை காத்து?”

“சண்டிலிப்பாயிலை ஒரு சைக்கிள் வெடிச்சிட்டுது.”

பலகையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். ‘தொடாதே’ இருந்த இடத்தில் எட்டு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. அதையும் பார்த்தார்.

“அந்த மயில் நான் கீறினது” என்றார்.

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிடுங்கியிருப்பேன். ஆனால் பிடுங்கிய துண்டைக் குப்பையில் போட்டிருக்க மாட்டேன்.

அதன்பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மறந்து விட்ட குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். நாலாம் வகுப்பில் அதிபர் தனியே பலகைக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் ஓலைத் துண்டு, மற்றக் கையில் மட்டைச் சைக்கிள். உதடு அசைந்துகொண்டிருந்தது. விரலும் மடிந்துகொண்டிருந்தது.

“தூசி தட்டினனான்” என்றார்.

“எது வரைக்கும் தட்டிப் போட்டியள், சேர்?”

மட்டைச் சைக்கிளைத் திரும்ப வைத்தார். “மானிப்பாய்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். இப்போது முகத்தில் பகிடி இல்லை.

“புதன்கிழமை கல்வி அதிகாரி வாறார். நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் ஒண்டாக்கலாமோ எண்டு பாக்கத்தான் வாறார். பிள்ளையள் குறைவு, ஆசிரியர் குறைவு எண்டு சொல்லுகினம். ஒண்டாக்கினால் உமக்கு இஞ்சை வகுப்பு இல்லை.”

“வகுப்பு இல்லையெண்டால் நான்?”

“வீட்டை போக வேண்டியதுதான், பிள்ளை. நான் என்ன செய்ய? நீர் தொண்டர்.”

வீட்டில் எனக்காக என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கிணற்றடி, அடுப்படி, பின்னேரம் அம்மாவின் பெருமூச்சு. அந்த இருபத்தெட்டு வாயையும் விட்டுவிட்டு அங்கே போய் இருப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

“அந்த வேட்டியைக் கழட்டும்” என்றார் அதிபர். “பழைய மாதிரி நாலு பொன்மொழியைப் போடுவம். வந்து பாத்திட்டுப் போகட்டும்.”

“கழட்ட மாட்டன்.”

“ஊத்தையாக் கிடக்கு, பிள்ளை. அதைக் கண்டால் அவர் என்ன நினைப்பார்?”

அது உண்மை. இருபத்தெட்டுப் பேரின் விரலும் பட்டு, சண்டிலிப்பாய்க்கும் மானிப்பாய்க்கும் இடையில் வேட்டி சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. உரும்பிராயில் யாரோ மூக்குத் துடைத்திருந்தார்கள்.

“தோய்ச்சுக் கட்டுறன்” என்றேன்.

இனி வருவது என் பிழை. ஒருத்தர் மேலும் பழி போட முடியாது.

சவுக்காரம் இல்லாத அந்த வருடங்களில் நாங்கள் பனங்களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். விழுந்த பனம்பழத்தின் தோலை உரித்து, தண்ணீரில் பிசைந்தால் மஞ்சளாக ஒரு களி வரும். அதில் ஊறப்போட்டு அடித்தால் ஊத்தை போய்விடும். மணம் மட்டும் போகாது. அந்த மணம் மாட்டுக்கு உயிர். பனங்களியில் தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டால், தடியோடு ஒருத்தர் காவல் நிற்க வேண்டும். ஐயாவின் சேட்டில் இடது கையை அப்படித்தான் ஒரு நாம்பன் மாடு கொண்டு போனது. ஐயா அந்தச் சேட்டை ஒரு கையோடு தோட்டத்துக்குப் போட்டார். ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும்.

பைகளைக் காலி செய்து, செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேட்டியைத் தோய்த்தேன். மூன்று தண்ணீரில் அலம்ப வேண்டியதை அவசரத்தில் ஒரு தண்ணீரில் அலம்பினேன். ஐயா ஒரு பனைமட்டையோடு கொடிக்குப் பக்கத்தில் காவல் இருந்தார். பால் வெள்ளையாக வந்தது வேட்டி. புதன்கிழமை விடியக் கொண்டுபோய், இன்னும் ஈரம் ஆறாத வேட்டியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். பிள்ளைகள் வந்து தங்கள் தங்கள் ஓலையைத் தங்கள் தங்கள் பையில் போட்டார்கள். அழகாக இருந்தது. மாடு வரும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மாடு கொடிக்கு வரும், பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வரப்போகிறது?

ஆனால் அங்கே ஒரு மாடு ஏற்கெனவே இருந்தது. அதிபரின் சிவப்புப் பசு. பள்ளிக்கூட வளவில் புல்லு வீணாகிறது என்று சொல்லி, தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கிணற்றடியில் கட்டுவார். எங்கள் வகுப்புகளுக்கு அரைச்சுவர்தான். கதவு கிடையாது.

அதிகாரி பிந்தித்தான் வந்தார். மெல்லிய, உயரமான மனிசன். தூரத்துக் கரையோர ஊரான கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். காற்சட்டையின் வலது காலை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. மானிப்பாயில் பின்ரயர் காற்றுப் போய், கடை திறக்கும் வரை காத்திருந்தாராம். ரயரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது. நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். அந்த வருடத்தில் அது ஒரு மரணச் செய்திக்குச் சமம்.

அவருக்காகக் காலைப் பிரார்த்தனையைப் பிந்த வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கந்தோருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தேவாரம் தொடங்கியது. அதிகாரி கைகூப்பிக் கண்ணை மூடினார். அதிபரும் மூடினார். தேவாரம் நடக்கும்போது ஒருவரும் அசையக் கூடாது என்று அதிபர் முதல் நாளே எங்களுக்கு மூன்று தரம் சொல்லி வைத்திருந்தார்.

நான் நின்ற இடத்திலிருந்து நாலாம் வகுப்பின் அரைச்சுவர் தெரிந்தது. அரைச்சுவருக்கு மேலே ஒரு வால் தெரிந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. வால் இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, ஈயை விரட்டியது. நிதானமான வால். அவசரம் இல்லாத வால். நல்ல சாப்பாட்டில் இருக்கிற மாட்டின் வால்.

போக வேண்டும். போக முடியாது. அதிபரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் கண் மூடியிருந்தது. தொண்டையைச் செருமினேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து, ‘மரியாதையாக நில்லும்’ என்ற மாதிரி என்னை முறைத்தார். நான் நாடியைத் தூக்கி முகத்தால் வகுப்பைக் காட்டினேன். அவருடைய ஒற்றைக் கண் அங்கே போனது. வாலைக் கண்டது. தன் வீட்டு வாலை அவருக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு, முன்னிலும் பலமாகத் தேவாரத்தைப் பாடத் தொடங்கினார்.

அதே நேரம் வாய்க்காரியும் கண்டுவிட்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள், அவளுடைய தோளும் குலுங்கியது. வரிசை வரிசையாகக் குலுக்கம் போனது. வாய் தேவாரம் பாடுகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது. அதிகாரி கண்ணைத் திறந்து, அழுகிற பிள்ளைகளைக் கண்டு, “நல்ல பக்தி” என்று அதிபரிடம் சொன்னார்.

என் வேலை போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தேன். அதுவும் பனங்களி மணந்தது.

தேவாரம் முடிந்ததும் ஓடினோம். பசு எங்களைக் கண்டு கவலைப்படவில்லை. வாயில் தொங்கின துணியை உள்ளே இழுத்து விழுங்கிவிட்டு, அறுந்த கயிற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தது. வேட்டியின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. இடது பக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து உரும்பிராய்ச் சைக்கிள் கடை வரை இருந்தது. வலது மூலையில் தொண்டைமானாறு தொங்கிக்கொண்டு இருந்தது. நடுவில் பைகளும் இல்லை, ஓலையும் இல்லை.

பிள்ளைகள் வந்து தங்கள் இடத்தில் இருக்க, அதிகாரி வாசலில் வந்து நின்றார். “இது என்ன?”

நான் வாயைத் திறக்க முன்னம் வாய்க்காரி எழும்பினாள்.

“சேர், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி நாலையும் மாடு திண்டிட்டுது.”

“எந்த மாடு?”

இருபத்தெட்டுத் தலையும் மெதுவாகத் திரும்பி அதிபரைப் பார்த்தன. அதிபர் கூரையைப் பார்த்தார்.

“அதிபரின்ரை மாடு” என்றேன் நான். எனக்கு இனி இழக்க என்ன இருக்கிறது?

“கட்டித்தான் விட்டனான்” என்றார் அதிபர். “கயிறு பழசு.”

“பனங்களியிலை தோய்ச்சது நான்” என்றேன். “மாடு வேறை என்ன செய்யும்?”

அதிகாரி கிட்ட வந்து வேட்டியை மணந்து பார்த்தார். பிறகு தன் சேட்டின் கையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு பெரிய ஒட்டுத் தையல். “எங்கடை வீட்டிலை வெள்ளை மாடு” என்றார்.

அந்த ஒட்டைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அவர் கதிரையில் போய் இருந்து, காற்சட்டையை இறக்கிவிட்டு, பேனையை எடுத்துவிட்டார். “சரி. வகுப்பு என்ன படிச்சிருக்கெண்டு எனக்குக் காட்ட வேணும். பலகை இல்லாமல் என்னெண்டு காட்டப் போறியள்?”

பதில் வந்தது கோப்பாய்க்காரியிடமிருந்து. அவள் எழும்பி, வகுப்பின் நடு நிலத்தில் போய்ச் சம்மணம் கொட்டி இருந்தாள்.

“கோப்பாய் இஞ்சை கிடக்கு” என்றாள்.

நீர்வேலிப் பெடியன் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். பிறகு புத்தூர், பிறகு அச்சுவேலி. மாடு தின்ற பைகளின் சொந்தக்காரர் எல்லாரும் பாதை மாதிரி வளைந்து வளைந்து இருந்தார்கள். ஓலை போனால் என்ன, கணக்கும் விடையும் தலைக்குள் இருந்தன.

வாய்க்காரி ஒரு மட்டைச் சைக்கிளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள். “சேர், இதைப் பிடியுங்கோ.”

“நானோ?”

“சைக்கிள் ஓடத் தெரியும்தானே?”

அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வாங்கிக்கொண்டார்.

சண்டிலிப்பாயைச் சுகமாகத் தாண்டினார். மானிப்பாயில் மட்டும், “இஞ்சைதான் காலமை காத்துப் போனது” என்று முறைப்பாடு செய்தார். உரும்பிராய்க் கடைக்கும் வந்தார். கோப்பாய்க்காரியின் கணக்கையும் செய்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. நாலாம் வகுப்புக் கணக்குத்தானே என்ற சிரிப்பு.

நீர்வேலிப் பெடியன் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினான். “நீர்வேலிச் சந்தையிலை ஆறு சீப்பு வாழைப்பழம் வாங்கிறியள். ஒரு சீப்பிலை பதினாலு பழம். சந்நிதிக்குப் போற வழியிலை பசிச்சு ஒன்பது பழம் திண்டிட்டியள். முருகனுக்கு எத்தினை மிச்சம்?”

“எழுபத்தினாலு” என்றார் அதிகாரி உடனே.

‘உஸ்ஸ்ஸ்ஸ்’ என்று வகுப்பு முழுக்க இழுத்தது.

அதிகாரி துள்ளி எழும்பினார். அரைச்சுவருக்கு மேலால் எட்டி, வேப்பமரத்தில் சாத்தியிருந்த தன் சைக்கிளின் பின்ரயரைப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. திரும்பினார். அவருடைய முகத்தைப் பார்த்து அதிபரே சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

“எழுபத்தஞ்சு, சேர்” என்றான் நீர்வேலி. “ஒரு பழத்தை ஆருக்கும் தெரியாமல் எடுத்து வைச்சிட்டியள்.”

“உரும்பிராய்க்குப் போங்கோ” என்றாள் வாய்க்காரி. “ஒட்டுப் போட்டிட்டு வாங்கோ.”

போனார். அந்தப் பெரிய மனிசன் எழும்பிப் போய், மட்டைச் சைக்கிளைக் கடை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கோப்பாயில் மறுபடி தொடங்கினார். பேனை மேசையில் கிடந்தது. இப்போது விரல்விட்டு எண்ணினார். கோப்பாய் தாண்டி, நீர்வேலி தாண்டி, புத்தூருக்கு வந்தார். புத்தூர்ப் பை வாய்க்காரியுடையது.

அவள் எழும்பி நின்றுதான் கேட்டாள். “நிலாவரைக் கிணத்திலை நிமிசத்துக்கு எட்டு வாளி தண்ணி அள்ளுறியள். விடிய ஆறு மணிக்குத் தொடங்கிறியள். கிணறு எப்ப வத்தும்?”

“ஒரு வாளி எவ்வளவு கொள்ளும்?”

“என்ன வாளியெண்டாலும் சரி.”

“கிணறு எவ்வளவு ஆழம்?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது, சேர்.”

“பிறகு என்னெண்டு பிள்ளை கணக்குச் செய்யிறது?”

“செய்யத் தேவையில்லை. நிலாவரைக் கிணறு வத்தாது.”

“இது கணக்கில்லை, பகிடி.”

“புத்தூரிலை இதுதான் கணக்கு” என்றாள். அதற்குள் வகுப்பு இழுக்கத் தொடங்கிவிட்டது. ‘உஸ்ஸ்ஸ்ஸ்’. பக்கத்து ஐந்தாம் வகுப்பும் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் எழும்பி நின்று இழுத்தது. அதிபரும் பல்லுக்குள் இழுத்தார், நான் கண்ணால் கண்டேன். எனக்கு வயிறு நொந்தது. வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அதிகாரி அந்தக் கிணற்றைப் பற்றி ஒன்பது வயதுப் பிள்ளையோடு நெடுநேரம் வாதாடினார். தோற்றார். மறுபடி உரும்பிராய்க்குப் போனார். அதற்குள் வெயில் ஏறி, இடைவேளை தாண்டி, அவர் போக வேண்டிய அடுத்த பள்ளிக்கூடத்தின் நேரமும் போய்விட்டது. மணி அடிக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒருத்தரும் சந்நிதிக்குப் போய்ச் சேரவில்லையே, யார் அடிப்பது?

கடைசியில் எழும்பிக் காற்சட்டையை முழங்கால் வரை மடித்தார். சிரிப்பெல்லாம் ஓடிவிட்டது. இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“ரீச்சர், என்ரை சைக்கிள் எங்கை நிக்குது?”

“உரும்பிராயிலை, சேர்.”

“அதை ஒருத்தரும் இடத்தை விட்டு அரக்கக் கூடாது. நான் அடுத்த மாதம் வருவன். தொண்டைமானாறு போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்த வகுப்பை ஒண்டாக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவன். அது வரைக்கும் உப்பிடியே இருக்கட்டும்.”

கந்தோரில் போய்ப் பள்ளிக்கூடத்தின் சம்பவப் புத்தகத்தில் எழுதினார். அவர் போன பிறகு நானும் அதிபரும் விழுந்தடித்து வாசித்தோம். இரண்டு வரி. ‘நாலாம் வகுப்புப் பற்றிய முடிவு பிற்போடப்பட்டது. மாட்டைக் கட்டி வைக்கவும்.’

அடுத்த நாள் அதிபர் ஒரு வேட்டி கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புது வேட்டி, மடிப்புக் கலையாதது. விரித்துப் பார்த்தால், ஒரு மூலையில், தொண்டைமானாறு வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு மயில் கீறியிருந்தார். முருகனுக்கு மயில் வேண்டும்தானே. நான் அதைச் சுற்றி மெதுவாகத் தைத்தேன். அந்த வேட்டி எவ்வளவு ஊத்தையானாலும் நான் பிறகு தோய்க்கவில்லை.

பைகள் தைத்து முடிந்த அன்றைக்கு வகுப்பில் ஒரு கூட்டம் நடந்தது. வாய்க்காரிதான் கூட்டினாள்.

“அவர் தொண்டைமானாறு போய்ச் சேர்ந்தால்தானே முடிவு சொல்லுவார்?” என்றாள்.

“ஓம்” என்றார்கள் மற்றவர்கள்.

“அப்ப அவர் போய்ச் சேரக் கூடாது.”

நான் ஆசிரியை. இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அரைச்சுவருக்கு மேலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் படித்த கணக்கை நான் இரண்டு வருடத்தில் படிப்பித்திருக்க மாட்டேன். அண்ணன்மாரின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வந்தார்கள். தகப்பன்மாரைத் தோட்டத்தில் மறித்துக் கேட்டார்கள். கோப்பாய்க்காரி பின்னமும் தசமமும் கலந்து ஒன்று செய்தாள். நீர்வேலிச் சீப்பில் பாதிப் பழம் அழுகத் தொடங்கியது, அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு கணக்கில். விடையைச் சொந்தக்காரர் விளங்கப்படுத்த வேண்டும் என்பது விதி. அதனால் எல்லாரும் தங்கள் கணக்கைத் தாங்களே முட்டி மோதி விளங்கிக்கொண்டார்கள்.

அதிகாரி சொன்ன மாதிரியே வந்தார். மாதா மாதம் வந்தார். கொழும்புத்துறையிலிருந்து அந்த ரயரோடு மிதித்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நேரே பலகைக்குப் போவார். கோப்பாய், நீர்வேலி, உஸ்ஸ்ஸ், உரும்பிராய். ஒருமுறை புத்தூரையும் தாண்டினார். அன்றைக்கு வகுப்பு முழுக்கப் பயந்து போனது. அச்சுவேலியில் நிறுத்தினோம்.

வருடக் கடைசியில் என்னைத் தனியே கேட்டார். “ரீச்சர், அந்த அச்சுவேலிக் கணக்கு ஆர் போட்டது?”

“பிள்ளையள்தான், சேர்.”

“பிள்ளையளோ” என்றார். என்னைப் பார்த்தார். பிறகு காற்சட்டையை மடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். சம்பவப் புத்தகத்தில் வழக்கம் போல ‘பிற்போடப்பட்டது’ என்று எழுதியிருந்தார்.

அச்சுவேலிக் கணக்கைப் போட்டது நான். அதற்கு எனக்கும் இன்றுவரை விடை தெரியாது.